முறை மாறும் வெள்ளிக்கிழமை

வைகாசி 4, திங்கள்

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் லிங்கக்கனி என்று என் பெயரை எழுதினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து என் மனைவி சித்திரைக்கனி, "தன்னால சிரிக்கிய, என்ன வந்துச்சு?" என்றாள்.

"ஒம் பேரையும் எழுதட்டா?"

"எழுதுனா உப்புக்கு வெல கூடிருமாக்கும்" என்றாள். ஆனாலும் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் நீளம். எழுதி முடிப்பதற்குள் சோறு வெந்துவிட்டது.

சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பு நடத்தும் ஜெபமலர் டீச்சர்தான் தினமும் எழுதிப் பழகச் சொன்னார். "நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க ஐயா, அது போதும்" என்றார்.

இன்று நடந்தது: உப்பு வாரினேன். வெயில் நல்ல வெயில். உப்பு நன்றாக விளைகிறது.

வைகாசி 5, செவ்வாய்

இன்று கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன். கை வலித்தால் நிறுத்திக்கொள்வேன்.

எங்களுக்கு உப்பளம் இரண்டு, குத்தகைக்கு. ஒன்று எனக்கு. ஒன்று சித்திரைக்கனியின் தம்பி தவசிமுத்துக்கு. நடுவில் ஒரு வரப்பு. வரப்பின் மேல் ஓலைக் கொட்டகை. அதற்குள் இரண்டு பேருக்கும் பொதுவான டீசல் இன்ஜின் இருக்கிறது. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்குக் கொடுப்பது அதுதான். ஒரு வாரம் என் முறை, மறு வாரம் அவன் முறை. யார் முறையோ அவர் ஓட்டி, இரண்டு அளத்துக்கும் தண்ணீர் விட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் முறை மாறும்.

முறை மாறியதும் நான் செய்யும் முதல் வேலை, இன்ஜினின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் ஸ்பேனர் போட்டு இறுக்குவது. அவன் சரியாக இறுக்கியிருக்க மாட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனும் வந்து நான்கையும் இறுக்குகிறான். நான் இறுக்கியதற்கு மேல் இறுக்க என்ன இருக்கிறது? இருந்தும் இறுக்குகிறான். என் பாத்தியில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போன வருடம் குத்தகையைப் புதுப்பிக்கப் போனபோது கணக்குப்பிள்ளை என்னிடம் பேனாவை நீட்டினார். தவசிமுத்து, "அத்தானுக்குப் பேனா எதுக்கு? பெருவெரல் போதும். அதுவும் உப்புல தேஞ்சி ரேகையே இருக்காது, பாருங்க" என்றான். மை தொட்டு வைத்தேன். உண்மையாகவே ரேகை விழவில்லை. ஒரு கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவனிடம் பேச்சை நிறுத்தியது அன்றுதான். வகுப்பில் சேர வேண்டும் என்று நினைத்ததும் அன்றுதான். ஆகவே அது நல்ல நாளும்தான்.

அடுத்த தடவை நான் கையெழுத்துப் போடும்போது அவன் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கை வலிக்கிறது.

வைகாசி 7, வியாழன்

இன்ஜின் மூடிக்கு அடியில் புகை கசிந்தது. சாயங்காலம் நிறுத்திவிட்டுப் போல்ட்டுகளை இறுக்கினேன். நான்காவது போல்ட்டு கொஞ்சம் சுற்றியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டக் என்றது. தலை கையோடு வந்துவிட்டது. மீதி இரும்புக்குள் இருக்கிறது.

சுற்றிலும் ஆள் இல்லை. போல்ட்டின் தலையை அது இருந்த இடத்திலேயே வைத்தேன். வைக்காமல் வேறு எங்கே வைப்பது? மேலே கிரீஸ் தடவினேன். கிரீஸ் எப்போதும் தடவுவதுதான்.

நாளை வெள்ளிக்கிழமை.

இன்று வகுப்பில் 'ஞ'வைத் திருத்தமாக எழுதப் பழகினோம். என்னுடையது நன்றாக வந்ததாக டீச்சர் சொன்னார். மிக அழகான எழுத்து.

வைகாசி 8, வெள்ளி

காலையில் தவசிமுத்து வந்தான். நான் என் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அவன் ஸ்பேனரை எடுத்தான். முதல் போல்ட்டு, இரண்டாவது, மூன்றாவது. பிறகு வெகு நேரம் குனிந்தபடியே இருந்தான். நான் நிமிரவில்லை. உப்பு வெள்ளையில் கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் நான் எங்கே பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

அவனுக்குச் சோறு கொண்டுபோன சித்திரைக்கனி என்னிடம் ஓடி வந்தாள். அவன் பெண்டாட்டி இறந்த பிறகு அவனுக்கும் இவள்தான் சோறு.

"தம்பி கையில போல்ட்டு ஒடிஞ்சி போச்சாம். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லதுன்னு முழிச்சிட்டு நிக்கான். சத்தம் போட்றாதிய, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"இரும்புதான? ஒடியத்தான் செய்யும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பெரிய மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாயங்காலம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

நடந்ததை எழுதத்தான் டீச்சர் சொன்னார். நடந்ததை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

வைகாசி 9, சனி

நானாகவே கொட்டகைக்குப் போனேன். தவசிமுத்து இன்ஜின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அத்தான், கை கொஞ்சம் அழுத்திருச்சி."

"சரி, விடு மாப்ள. அந்தச் சாக்க இப்படிப் போடு."

ஒரு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இதுதான். பிறகு இரண்டு பேரும் ஒரே சாக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒடிந்த துண்டு துளைக்குள் அமுங்கிப்போயிருக்கிறது. பிடிக்க இடுக்கிக்கு ஒன்றும் அகப்படவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம். உளியின் முனையை ஓரத்தில் வைத்துத் தட்டிச் சுற்றிப் பார்த்தோம். நகரவில்லை.

மத்தியானம் அவனுடைய தூக்குச் சட்டியிலிருந்து எனக்கும் சோறு வைத்தான். "அக்கா ஒங்களுக்குன்னா மட்டும் உப்பு கொறச்சிப் போடுவா, எனக்கு அள்ளிக் கொட்டுவா. அளத்துக்காரன் வீட்டுல உப்புக்கா பஞ்சம்?" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

எனக்கு அந்தச் சிரிப்பு சந்தோஷமாக இருந்தது. அது எதனால் வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

வைகாசி 10, ஞாயிறு

பாத்தியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாத்தியின் தரையைத் தை மாதத்தில் காலால் மிதித்து மிதித்துப் பதப்படுத்துவோம். அது கல் மாதிரி இறுகினால்தான் மேலே உப்பு வெள்ளையாக விளையும். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் தரை வெடித்துவிடும். வெடித்தால் மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும். என் முழங்காலும் அவன் இடுப்பும் இனிமேல் அந்த மிதி மிதிக்காது. இந்தத் தையிலேயே இது கடைசி என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சித்திரைக்கனியிடம் சொல்லியிருக்கிறோம். மிதித்த தரை இருக்கும்வரை அதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம்.

வாடகைக்கு இன்ஜின் கேட்டு அலைந்தோம். இந்த வெயிலில் எவன் தருவான்? எல்லா அளத்திலும் ஓடுகிறது.

குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். சித்திரைக்கனியும் சுமந்தாள். மூன்று பேர் சுமந்ததைச் சூரியன் ஒருவனாகவே குடித்துவிட்டான்.

வைகாசி 11, திங்கள்

டவுனிலிருந்து மெக்கானிக் செல்லப்பாவைக் கூட்டி வந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வைக்கலாம்னா இங்க கரண்டு இல்ல" என்றான். கையால் சுற்றும் டிரில்லை வைத்து ஒடிந்த துண்டின் நடுவில் ஒரு துளை போட்டான். அதற்குள் எதிர்ப்பக்கமாகத் திருகுமறை போட்ட ஒரு கம்பியை இறக்கித் திருகினான். திருகத் திருக அது உள்ளே கடித்துப் பிடித்து, போல்ட்டைத் தன்னோடு வெளியே கொண்டுவரும் என்றான்.

நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டக் என்றது. கம்பி உள்ளே ஒடிந்துவிட்டது.

செல்லப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சி அண்ணாச்சி. இந்தக் கம்பியில டிரில்லு எறங்காது. அம்புட்டுக் கட்டி."

ஒடிந்த போல்ட்டுத் தலையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இது இன்னைக்கி நேத்து ஒடிஞ்ச ஒடிவு இல்ல. கழுத்து மெலிஞ்சி இழுபட்டுக் கெடக்கு பாருங்க. இரும்பும் நீளும். அளவுக்கு மேல யாரு வாரா வாரம் இறுக்குனது?"

நான் கிணற்றைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருந்தான்" என்றான் தவசிமுத்து. "அவரு இறுக்குனது பத்தாதுன்னு நானு. நான் இறுக்குனது பத்தாதுன்னு அவரு."

"நல்ல மச்சினனும் அத்தானும்" என்றான் செல்லப்பா.

இன்ஜினைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கொடை முடிந்து அடுத்த வாரம்தான் திறப்பார்கள்.

வைகாசி 12, செவ்வாய்

தரையில் முதல் வெடிப்பு. என் பாத்தியில் இல்லை, அவன் பாத்தியில்.

வைகாசி 13, புதன்

இன்று வேலை ஒன்றும் இல்லை. காய்ந்த பாத்தியின் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"எழுதப் படிச்சிட்டியளாமே, அக்கா சொன்னா. எங்க, எழுதிக் காட்டுங்க" என்றான் தவசிமுத்து.

ஒரு குச்சியை எடுத்துத் தரையில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவன் பெயரை எழுதினேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தான். எழுத்து எழுத்தாகப் படித்தான்.

"என் எழுத்தவிட நல்லாருக்கே அத்தான்" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கி கணக்குப்பிள்ள முன்னால நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. சிரிப்பாச் சொன்னேன். சொன்ன ஒடனேயே தப்புன்னு தெரிஞ்சிச்சு. ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்றான்.

ஒரு வருடமாக இந்தப் பேச்சுக்குத்தான் காத்திருந்தேன். நானும் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். "வெயில் ஏறுது, கொட்டகைக்குப் போவோம்" என்று சொன்னேன்.

சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது அவன் பெயரின் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தது.

வைகாசி 14, வியாழன்

எழுத முடியவில்லை.

வைகாசி 16, சனி

டவுன் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்னாலேயே தவசிமுத்து கொட்டகையில் இருந்தான். "பட்டறை தொறக்குற வரைக்கும் தர தாங்காது அத்தான். அந்தக் கம்பி கட்டிதான், ஆனா கண்ணாடி மாதிரி. ஊசி உளிய வச்சி ஒரே போடு போட்டா நொறுங்கிரும். என் கையில ஒடிஞ்சது, நானே எடுக்கேன்" என்றான்.

என் கையில் ஒடிந்தது என்று அவன் சொன்னபோதும் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துளைக்குள் பார்த்தால் இருட்டாக இருக்கிறது என்று அதைக் கழற்றி வைத்தான். சுத்தியலால் போட்டான். இரண்டாவது தடவையும் போட்டான். மூன்றாவது அடியில் கம்பி நொறுங்கியது. அதிலிருந்து ஒரு சில்லு அவன் வலக்கண்ணில் ஏறிவிட்டது.

சத்தம் போடவில்லை. "தூசி விழுந்துட்டு அத்தான்" என்றான். தண்ணீர் விட்டுக் கழுவினோம். உப்பு கண்ணில் படுவது எங்களுக்குப் பழக்கம்தானே என்று அன்று முழுவதும் ஈரத்துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மறுநாள் கண் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. சித்திரைக்கனி அவனையும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸின் பெயர்ப் பலகையை நானே படித்தேன். இங்கே வந்து 'கண் பிரிவு' என்று எழுதியிருந்ததையும் யாரையும் கேட்காமல் நானே படித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விட்டால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்தாம்.

சித்திரைக்கனி காப்பி வாங்கப் போனபோது நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்."

"போல்ட்டுதான?" என்றான்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"புதுசா ஒடிஞ்ச இரும்பு வெள்ளையா மினுங்கும் அத்தான். அன்னைக்கி நான் ஸ்பேனரப் போட்டதும் தல சும்மா வந்துச்சு. கிரீஸ தொடச்சிட்டுப் பாத்தேன், ஒடிஞ்ச எடம் செவசெவன்னு கெடந்துச்சு. உப்புக் கை பட்ட இரும்பு ஒரு ராத்திரியில செவந்துரும்லா. அத மறந்துட்டிய."

"தெரிஞ்சிருந்தா ஏம்ல சொல்லல?"

"சொன்னா நீங்க வெக்கத்துல சாகுற வரைக்கும் பேசமாட்டிய. என் கையில ஒடிஞ்சதுன்னதும் மறுநாளே வந்தியள்லா." அவன் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அவன் கண்கள் தெரியாததால் அது சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது நர்ஸ் வந்தார். ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார். என் கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றான் தவசிமுத்து, படுத்தபடியே. "எங்க அத்தான் கையெழுத்துப் போடுவாரு. பேனாவக் குடுங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். வலது கண் என்று இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். நான் வெளியே போட்ட முதல் கையெழுத்து இது. அவன் என் பக்கத்தில்தான் இருந்தான்.

எழுத்து நன்றாக வந்தது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நன்றாக வந்தது.

வைகாசி 17, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள்.

வைகாசி 20, புதன்

சித்திரைக்கனி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் மட்டும் அளத்துக்கு வந்தேன். கொட்டகையில் சுத்தியல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவன் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது.

துளையை ஊதிச் சுத்தம் செய்தேன். நொறுங்கிய கம்பித் தூள் வந்தது. உள்ளே போல்ட்டுத் துண்டின் மேல் விரலை வைத்தேன். நகர்ந்தது. இன்னொரு தடவை வைத்துச் சுற்றினேன். ஸ்பேனர் இல்லை, உளி இல்லை. விரலாலேயே சுற்றிச் சுற்றி வெளியே எடுத்துவிட்டேன். அவன் சுத்தியலால் போட்ட போட்டிலேயே அது விட்டுப்போயிருக்கிறது.

கையில் வைத்துப் பார்த்தேன். சுண்டு விரல் நகம் அளவு கூட இல்லை.

வைகாசி 24, ஞாயிறு

செல்லப்பா புது போல்ட்டு வாங்கி வந்து மூடியை மாட்டிக் கொடுத்தான். ஸ்பேனரை என் கையில் தந்து, "கை தாங்குற அளவு போதும். அதுக்கு மேல இறுக்குனா இனிமே என்னக் கூப்பிடாதிய" என்றான். அவன் சொன்ன அளவுக்கே இறுக்கினேன்.

இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் திறந்துவிட்டேன். தவசிமுத்துவின் பாத்திக்கு முதலில் விட்டேன். வெடிப்பு வெடிப்பாக ஓடி உள்ளே இறங்கியது. நிற்கவில்லை. என் பாத்திக்கும் விட்டேன். அங்கேயும் நிற்கவில்லை. டீசல் தீரும்வரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமி குடித்துக்கொண்டே இருந்தது.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

வைகாசி 29, வெள்ளி

தவசிமுத்து வந்தான். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. சித்திரைக்கனி கையைப் பிடித்து வரப்பில் நடத்திக் கூட்டி வந்தாள். அவன் தன் பாத்தியைப் பார்த்தான். என் பாத்தியைப் பார்த்தான்.

"இன்னைக்கி வெள்ளிக்கெழமல்லா?" என்றான். "யாரு முறை?"

"ஒன் முறதான் மாப்ள." இன்ஜின் ஓடாத வாரங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"தர போனா என்ன, முற முறதான்" என்று கொட்டகைக்குள் போனான். மூடியின் மேல் ஸ்பேனர் இருந்தது. முறை முடிந்ததும் அங்கேதான் வைப்போம். அதை எடுத்தான்.

"கோவிச்சிக்கிடாதிய அத்தான். கை கேக்க மாட்டேங்குது" என்றான்.

"எடுத்துக்கோ" என்றேன்.

ஸ்பேனரைப் போல்ட்டின் மேல் வைத்தான். அது போல்ட்டில் விழவில்லை, பக்கத்தில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் தள்ளி விழுந்தது. ஒரு கண்ணில் தூரம் தெரியவில்லை. சித்திரைக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் அவன் கையைப் பிடித்து முதல் போல்ட்டின் மேல் வைத்தேன். அவன் இறுக்கினான். இரண்டாவதின் மேல் வைத்தேன். இறுக்கினான். மூன்றாவதையும் இறுக்கினான். செல்லப்பா சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

நான்காவது புது போல்ட்டு. அவன் கையை அதன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த 'டக்' சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நின்றேன்.